80 பக்க நோட்டும் காலை டிகாக்‌ஷனும்

புது ஷூ வாங்கி, 5 மணிக்கு அலாரம் வைத்து, முதல் நாளே ஒரு மணி நேரம் நடந்துவிட்டு வருகிறவர்களில் பலர் மூன்றாவது வாரத்தைப் பார்ப்பதில்லை. "உனக்கு வைராக்கியம் பத்தாது" என்று வீட்டில் சொல்வார்கள். அவர்களும் அதை நம்பிவிடுவார்கள். கோளாறு கணக்கில் இருக்கிறது. நடந்து பழகாத கால் திடீரென்று ஐந்தாறு கிலோமீட்டர் நடந்தால் மூன்றாம் நாள் கெண்டைக்கால் கல்லாகிவிடும். 5 மணிக்கு எழுந்திருக்க முந்தின இரவு 10 மணிக்காவது கண்ணை மூட வேண்டும். அந்த வீட்டிலோ இரவு இட்லியே 9.45-க்குத்தான். இரண்டு வாரத் தூக்கக் கடனும் ஒரு வாரக் கால்வலியும் சேர்ந்தால் யாராக இருந்தாலும் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்வார்கள்.

பழக்கம் நிலைக்க இரண்டு காரியம் போதும். ஏற்கெனவே வீட்டில் தவறாமல் நடக்கிற ஒன்றோடு அதைக் கட்டிவிட வேண்டும். நடந்ததா இல்லையா என்று அன்றிரவே ஒரு நோட்டில் எழுத வேண்டும். இங்கே சொல்லப்போவதெல்லாம் இந்த இரண்டின் விவரம்தான்.

ஃபில்டரில் தூளைப் போட்டு வெந்நீரை ஊற்றினால் டிகாக்‌ஷன் இறங்கப் பத்துப் பதினைந்து நிமிடம் பிடிக்கும். அந்த நேரம் எல்லா நாளும் வரும், ஞாயிற்றுக்கிழமையும் வரும், விருந்தாளி வந்தாலும் வரும். உடம்புக்கான சின்ன வேலைகளை அங்கே வைத்தால் தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. பால் பாக்கெட் வாங்கக் கடைக்குப் போகும் நடை, குக்கர் மூன்று விசில் வரும்வரை நிற்கும் நேரம், பல் தேய்க்கும் இரண்டு நிமிடம் எல்லாமே இப்படிப்பட்ட கொக்கிகள். "காலையில் உடற்பயிற்சி செய்வேன்" என்ற முடிவுக்குக் கொக்கி கிடையாது. "வெந்நீரை ஊற்றிய கையோடு நாற்காலியில் பத்து முறை உட்கார்ந்து எழுவேன்" என்பதற்கு உண்டு.

எத்தனை நாளில் படியும்? ஒரு மண்டலம் என்று 48 நாள் வைப்பது நம் வழக்கம். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரை 12 வாரம் கவனித்து 2010-ல் வெளியான ஆய்வில், செயல் தானாகவே வரும் நிலைக்குச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளையும் பழக்கத்தையும் பொறுத்து 18 நாளிலிருந்து 254 நாள் வரை கணக்கு வந்தது. சாப்பாட்டோடு ஒரு டம்ளர் தண்ணீர் என்பது சீக்கிரம் படிந்தது, உடற்பயிற்சிக்கு அதிக நாள் ஆனது. இடையில் ஒரு நாள் விட்டுப்போனால் பெரிய பாதகமில்லை என்பதும் அதிலேயே தெரிந்தது. இந்தக் கடைசி விஷயத்தை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு நாள் விட்டதால் பழக்கம் போவதில்லை. "விட்டுப்போச்சு, இனி அடுத்த மாசம் ஒன்றாம் தேதியிலிருந்து" என்று தள்ளிப் போடும்போதுதான் போகிறது.

நடையை எடுத்துக்கொள்வோம். பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. நாளுக்கு 30 நிமிடம், வாரம் 5 நாள் நடந்தால் 150 வந்துவிடும். முன்பு ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது இருக்க வேண்டும் என்று சொல்லிவந்தார்கள். 2020-ல் அந்த நிபந்தனையையும் எடுத்துவிட்டார்கள். ஐந்து நிமிடம் நடந்தாலும் கணக்கில் சேரும்.

முதல் வாரம் 15 நிமிடம் போதும். கைக்கடிகாரத்தைப் பார்த்து ஏழரை நிமிடம் போய் அங்கிருந்து திரும்பிவிட வேண்டும், "இன்னும் தெம்பு இருக்கிறதே" என்று தோன்றினாலும். வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டினால் நான்காவது வாரம் 30 நிமிடம் வந்துவிடும். தசையைவிட எலும்பும் தசைநாண்களும் மெதுவாகப் பழகுகிறவை. மூச்சு தாங்குகிறதே என்று தூரத்தைக் கூட்டும்போதுதான் முன்னங்கால் எலும்பை ஒட்டி வலி பிடிக்கிறது.

வேகம் எப்படித் தெரியும்? 15 விநாடிக்கு எத்தனை அடி வைக்கிறீர்கள் என்று எண்ணுங்கள். 25 அடி வந்தால் நிமிடத்துக்கு 100. பெரும்பாலானவர்களுக்கு அதுதான் மிதமான உழைப்பின் தொடக்கம். 18, 20 என்று வந்தால் அது உலாவல். மனதுக்கு நல்லது, ஆனால் நெஞ்சுக்கு வேலை குறைவு. எண்ணப் பிடிக்காதவர்கள் பேசிப் பார்க்கலாம்: பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது. நான்கு பேராகச் சேர்ந்து போனால் வேகம் எப்போதும் அதிகம் பேசுபவருடைய வேகத்துக்கு இறங்கிவிடும். கூட்டாளி வேண்டும்தான், மழை நாளிலும் படி இறங்க வைப்பவர் அவரே. அவரோடு முதல் ஐந்து நிமிடமும் கடைசி ஐந்து நிமிடமும் பேசிக்கொண்டு, நடுவில் உள்ள நேரத்தை எட்டிப் போட்டு நடந்துவிட்டால் இரண்டும் கிடைக்கும்.

10,000 அடி என்ற எண்ணைப் பார்த்து மலைத்துப்போகிறவர்கள் உண்டு. 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்குப் பிறகு, 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த, அடிகளை எண்ணும் அடிமானி ஒன்றுக்குப் "பத்தாயிரம் அடி மானி" என்று பொருள்படப் பெயர் வைத்தார்கள். எண் அங்கிருந்து பரவியதுதான், மருத்துவக் கணக்கில் பிறந்ததில்லை. அமெரிக்காவில் சராசரி 72 வயதுள்ள பெண்களை வைத்து 2019-ல் வெளியான ஆய்வில், நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடையே இறப்பு கணிசமாகக் குறைவாக இருந்தது. சுமார் 7,500 அடிக்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. ஆகவே 3,000 அடியில் இருக்கும் ஒரு பாட்டி 4,500-க்கு வந்தாலே பெரிய காரியம். இளவயதினரும் உடம்பு தாங்குகிறவர்களும் தமிழ்நாட்டு அரசு 2023 நவம்பரில் தொடங்கிய 8 கிலோமீட்டர் நடைபாதைகளில் தாராளமாக நடக்கலாம். புதிதாகத் தொடங்குகிறவர் அந்த 8 கிலோமீட்டரை முதல் மாத இலக்காக வைக்க வேண்டாம்.

நம்மில் வீட்டுக்கு ஒருவருக்காவது சர்க்கரை இருக்கிறது என்பதால் சாப்பிட்டபின் நடப்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 41 பேரை வைத்துப் பார்த்தார்கள். நாளில் ஒரே தடவை 30 நிமிடம் நடந்ததைவிட, மூன்று வேளையும் சாப்பிட்டபின் பத்துப் பத்து நிமிடம் நடந்தபோது உணவுக்குப் பிந்தைய சர்க்கரை சராசரியாக 12 சதவீதம் குறைவாக இருந்தது. இரவு உணவுக்குப் பின் 22 சதவீதம். காரணம் எளிது. தோசையிலிருந்து வரும் குளுகோஸ் ரத்தத்தில் ஏறும் அதே நேரத்தில் தொடையும் கெண்டைக்காலும் வேலை செய்தால், அவை அதை அங்கேயே எடுத்துச் செலவழிக்கின்றன. கையைக் கழுவிக்கொண்டு நேராக சோபாவுக்குப் போகிற அந்தத் திருப்பத்தில் செருப்பை மாட்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவே. மொட்டை மாடியோ தெரு முனையோ எதுவானாலும் சரி. வேகம் வேண்டாம், சாப்பிட்ட உடனே விறுவிறுவென்று நடந்தால் நெஞ்செரிச்சல் வரும், இதய நோய் உள்ளவர்களுக்கு நெஞ்சு வலியும் வரலாம்.

நடையில் தவறிப்போகிற இடங்கள்:

ஷூவை மாலையில் வாங்குங்கள். பகல் முழுக்க நின்றபின் பாதம் சற்று வீங்கியிருக்கும். காலையில் சரியாக இருந்த ஷூ நடக்க நடக்கக் கடிக்கும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். ஹவாய் செருப்பில் வேகமாக நடந்தால் அது கழன்றுபோகாமல் விரல்கள் இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருக்கும், உள்ளங்கால் வலிக்கும். காலையில் எழுந்து வைக்கும் முதல் அடியில் குதிகால் சுரீர் என்றால், கிரானைட் தரையில் வெறுங்காலோடு நடப்பதைச் சில வாரம் நிறுத்தி, எழும் முன்பே படுக்கையில் ஒரு துண்டைப் பாதத்தில் மாட்டி 30 விநாடி இழுத்துப் பிடியுங்கள், மூன்று முறை. சர்க்கரை உள்ளவர்கள் ஷூவைக் கவிழ்த்துத் தட்டிவிட்டுத்தான் போட வேண்டும். உள்ளே கிடக்கும் ஒரு சின்னக் கல்லை உணர்ச்சி மங்கிய பாதம் சொல்லாது. இரவில் கால் கழுவும்போது கண்ணால் பார்த்தால்தான் கொப்புளம் தெரியும்.

இன்சுலின் அல்லது கிளிமிபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் நீண்ட தூரம் நடக்கக் கூடாது. சட்டைப் பையில் குளுகோஸ் பொடிப் பொட்டலம் ஒன்று இருக்கட்டும். கை நடுங்கி வியர்த்தால் மூன்று தேக்கரண்டி குளுகோஸை, அதாவது சுமார் 15 கிராமைத் தண்ணீரில் கலந்து குடித்துவிட்டு 15 நிமிடம் உட்கார வேண்டும். சரியாகவில்லையென்றால் இன்னொரு முறை. சாக்லேட் உதவாது, அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் ஏறுவதைத் தாமதப்படுத்தும்.

விடியுமுன் நடப்பவர்கள் வெளிர் நிறச் சட்டை போட்டுக்கொண்டு, எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி சாலையின் வலப்பக்கம் நடக்க வேண்டும். நடக்கும்போது நெஞ்சு இறுகினாலோ தாடைக்கோ இடக்கைக்கோ வலி பரவினாலோ அன்றைய நடை அங்கேயே முடிந்தது. உட்கார்ந்தும் வலி நிற்காமல் தொடர்ந்தால் 108-ஐ அழைக்க வேண்டும். குறிப்பிட்ட தூரம் நடந்ததும் கெண்டைக்கால் பிடித்து, நின்றதும் விட்டு, மறுபடி அதே தூரத்தில் பிடித்தால் அதை வாயு என்று தைலம் தேய்த்துத் தள்ளிப் போட வேண்டாம். காலுக்குப் போகும் ரத்தக் குழாய் சுருங்கியிருக்கலாம்.

நடை மட்டும் போதுமா என்றால் போதாது. ஐம்பதைத் தாண்டியவர்களை முதலில் கைவிடுவது தொடைத் தசை. தரையிலிருந்து எழக் கையை ஊன்றுவது, பிறகு கதவு நிலையைப் பிடிப்பது, பிறகு "கொஞ்சம் கையக் குடுப்பா" என்று கேட்பது என அது படிப்படியாக வரும். இதை வீட்டிலேயே அளந்து பார்க்கலாம். சுமார் 43 சென்டிமீட்டர் உயரமுள்ள, கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரில் ஒட்டிப் போடுங்கள். நடுவில் உட்கார்ந்து, கைகளை மார்பில் குறுக்கே வைத்துக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். 60 முதல் 64 வயதுக்குள் ஆண்கள் 14-க்கும் பெண்கள் 12-க்கும் கீழே இருந்தால் சராசரிக்குக் குறைவு.

அந்தச் சோதனையே பயிற்சியும் ஆகும். டிகாக்‌ஷன் இறங்கும் நேரத்தில் எட்டு முதல் பத்து முறை, ஒரு நிமிடம் ஓய்வு, மறுபடி ஒரு சுற்று. வாரம் மூன்று நாள். எழுவதைவிட உட்காருவதில்தான் பலன் அதிகம், அங்கேதான் எல்லாரும் ஏமாற்றுகிறார்கள். தொப்பென்று விழாமல் மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணி இறங்க வேண்டும். முழங்கால்கள் ஒன்றையொன்று பார்க்காமல் பாதத்தின் திசையிலேயே போக வேண்டும். மூச்சைப் பிடிக்கக் கூடாது. எழும்போது வெளியே விட வேண்டும். மூட்டுவலி உள்ளவர்கள் நாற்காலியில் தலையணை ஒன்றைப் போட்டு உயரத்தைக் கூட்டினால் வலியில்லாமல் செய்யலாம், பழகப் பழகத் தலையணையை எடுத்துவிடலாம். அடுப்படி மேடையைப் பிடித்துக் குதிகால் தூக்கி இறக்குவது 15 முறை, சுவரில் கை ஊன்றிச் செய்யும் தண்டால் 10 முறை. பல் தேய்க்கும்போது வாஷ்பேசினை ஒரு கையால் தொட்டுக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கலாம். பத்து விநாடி ஆடாமல் நிற்கப் பழகிய பின் கையை எடுங்கள். குளியலறை ஈரத்தில் இதைச் செய்ய வேண்டாம்.

மூட்டு இடம் கொடுப்பவர்கள் ஒரு வேளையாவது தரையில் சம்மணமிட்டுச் சாப்பிடுவதை விட்டுவிட வேண்டாம். அதன் பலன் செரிமானத்தில் இருப்பதாகச் சொல்வார்கள். நிச்சயமான பலன் தினமும் தரையிலிருந்து எழுந்திருக்கிறோம் என்பதில் இருக்கிறது.

சாப்பாட்டைப் பற்றி நீளமாக எழுத ஆசையில்லை, எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் அளவு தெரியாமல் போவது உப்பில்தான். ஒருவருக்கு நாளுக்கு 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு. சாம்பாரில் போடும் உப்பை யாரும் எடைபோட்டுக்கொண்டிருக்க முடியாது. அதற்கு ஒரு வழி உண்டு: உப்புப் பாக்கெட்டைப் பிரிக்கும் அன்று அதன்மேல் பேனாவால் தேதி எழுதுங்கள். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு நாளுக்கு 20 கிராம். ஒரு கிலோ 50 நாள் வர வேண்டும். 30 நாளில் தீர்ந்தால் ஆளுக்கு எட்டு கிராமுக்கு மேல் போகிறது. ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்சர், ஓட்டல் சாப்பாடு இந்தக் கணக்கில் வராதவை, ஆகவே உண்மையில் 50 நாளையும் தாண்டி வருவதுதான் நல்லது. ஊறுகாயும் அப்பளமும் ஒரே வேளையில் இலையில் இருக்கக் கூடாது என்று ஒரு விதி வைத்தாலே பாதி வேலை முடிந்தது. இந்துப்பும் கல்லுப்பும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான். விலை கூடினால் பாதிப்பு குறையாது. சோடியம் குறைத்த உப்பில் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது.

சர்க்கரைக்கும் அதே மாதிரி ஒரு கணக்கு. நாளுக்கு நான்கு காபி, டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி என்றால் எட்டு. ஆறு தேக்கரண்டிக்குள், அதாவது 25 கிராமுக்குள் இருப்பது நல்லது. ஒரேயடியாக நிறுத்தினால் நாக்கு மூன்றாம் நாள் கலகம் செய்யும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அரைத் தேக்கரண்டி குறைத்தால் வித்தியாசமே தெரியாது.

இடுப்பளவை மாதம் ஒரு முறை, ஒன்றாம் தேதி காலை வெறும் வயிற்றில் எடுங்கள். பேன்ட் அளவைப் பார்த்து "இன்னும் 34-தான்" என்று தேற்றிக்கொள்ள வேண்டாம், தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டினால் பேன்ட் அளவு மாறவே மாறாது. பாவாடை நாடா தடம் பதிந்த இடமும் சரியான இடமில்லை. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக விட்டபின் டேப்பைச் சுற்ற வேண்டும். நம் நாட்டவர்க்கு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் எல்லை.

ரத்த அழுத்தக் கருவி இப்போது பல வீடுகளில் இருக்கிறது. வாங்கியவர்களில் பலர் தவறாக அளந்து பயந்துபோகிறார்கள், அல்லது தவறாக அளந்து தைரியமாக இருக்கிறார்கள். மணிக்கட்டில் கட்டுவதைவிட மேற்கையில் கட்டும் கருவி நம்பகமானது. அளப்பதற்கு அரை மணி முன்பிருந்து காபி, சிகரெட், நடை எதுவும் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு வர வேண்டும். நிறைந்த சிறுநீர்ப்பை எண்ணை ஏற்றிவிடும். முதுகு சாய்ந்திருக்க, இரண்டு பாதமும் தரையில் பதிய, கால்மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். பட்டையைச் சட்டை மேல் கட்டக் கூடாது. சட்டைக் கையை இறுக்கமாகச் சுருட்டிவிட்டாலும் தப்பு. கையை மேஜைமேல் வைத்துப் பட்டை நெஞ்சு மட்டத்தில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். மடியில் தொங்கவிட்டால் கூடுதலாகக் காட்டும். அளக்கும்போது பேசக் கூடாது, மற்றவர்களும் கேள்வி கேட்கக் கூடாது. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை. டாக்டரைப் பார்க்கப் போகும் முன் ஏழு நாள் காலையும் மாலையும் இப்படி எடுத்து, முதல் நாள் எண்களை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரியைப் பாருங்கள். வீட்டில் எடுத்த சராசரி 135/85-ஐத் தொட்டாலே டாக்டரிடம் பேச வேண்டிய எண் அது. 180/120-ஐத் தாண்டி, கூடவே நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், வாய் கோணல், பேச்சுக் குழறல் எதுவும் இருந்தால் மறுபடி அளந்துகொண்டிருக்க வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி. எண் இறங்கிவிட்டது என்று மாத்திரையைத் தானாக நிறுத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்த மாத்திரை வேலை செய்வதால்தான் எண் இறங்கியிருக்கிறது.

இனி அந்த நோட்டு.

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வாங்குகிற 80 பக்கக் கோடு போட்ட நோட்டு போதும். போனில் இதற்கு எத்தனையோ செயலிகள் உண்டு. ஆனால் இரவில் போனைத் திறந்தால் நோட்டை மட்டும் பார்த்துவிட்டு யாரும் மூடுவதில்லை, அரை மணி நேரம் போய்விடும். ஒரு பக்கம் ஒரு வாரத்துக்கு. ஒரு நாளுக்கு மூன்று வரி. 52 பக்கத்தில் ஒரு வருடம் அடங்கும். மிச்சப் பக்கங்களில் இடுப்பளவு, உப்புத் தேதி, ரத்தப் பரிசோதனை எண்கள். பேனாவை நூலால் நோட்டோடு கட்டிவிடுங்கள். பேனா தேடிப் போகிற இரவுதான் எழுதாமல் போகிற இரவு.

முதல் வரியில் எண்கள் மட்டும்: நடந்த நிமிடம், நேற்றுப் படுத்த நேரம், காலை எழுந்த நேரம். இரண்டாம் வரியில் அன்று நடந்த ஒன்று. மூன்றாம் வரியில் நாளைக்குச் செய்ய வேண்டியவை.

இரண்டாம் வரிதான் கடினம். "இன்று நன்றாக இருந்தது", "மனசு சரியில்லை" என்று எழுதினால் ஒரு மாதம் கழித்துப் படிக்கும்போது ஒன்றுமே தெரியாது. புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய குறிப்புகள் இன்றும் பயன்படுவது, அவர் எந்தக் கப்பல் வந்தது, யார் என்ன சொன்னார், சரக்கு என்ன விலை போயிற்று என்று நடந்ததை நடந்தபடி எழுதியதால்தான். நம் வரியும் அப்படி இருக்க வேண்டும். இதோ ஒரு மாதிரி வாரத்திலிருந்து:

திங்கள். நடை 20. படுக்கை 10.30, எழுந்தது 5.40. மின் கட்டண வரிசையில் ஒருவர் முந்தினார், பேசாமல் இருந்துவிட்டேன்.

செவ்வாய். நடை 20. படுக்கை 10.40, எழுந்தது 5.45. மாலை 6 மணிக்கு மாமா வந்ததால் இன்னொரு காபி.

புதன். நடை இல்லை. படுக்கை 12.15, எழுந்தது 6.30. பையனிடம் காலையிலேயே கத்தினேன், அவன் டிபன் டப்பாவை விட்டுவிட்டுப் போய்விட்டான்.

தனித்தனியாகப் பார்த்தால் மூன்று நாள். சேர்த்துப் படித்தால், செவ்வாய் மாலைக் காபி தூக்கத்தைத் தள்ளி, தூக்கம் போனதால் நடை போய், இரண்டும் போன காலையில் பிள்ளைமேல் கோபம் விழுந்திருக்கிறது. காபியிலுள்ள கஃபீன் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். மாலை 6 மணிக் காபியில் பாதி இரவு 11 மணிக்கும் உடம்பில் இருக்கும். "எனக்குக் கோபம் அதிகம்" என்று தன்னைப் பற்றி முடிவு கட்டிக்கொண்டு வருடக்கணக்காக வருந்துகிறவர்கள் உண்டு. அந்தக் கோபத்துக்குப் பின்னால் எத்தனை முறை பசியும் தூக்கக் குறைவும் நிற்கின்றன என்பது எழுதி வைத்தால்தான் கண்ணுக்குப் படும். நினைவு அதைச் சேர்த்து வைக்காது. அதனால்தான் உடம்புக்கு ஒரு நோட்டு, மனதுக்கு ஒரு நோட்டு என்று பிரிக்காமல் இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதச் சொல்வது.

மூன்றாம் வரிக்கு வேறொரு பயன். அமெரிக்காவில் பெய்லர் பல்கலைக்கழகத்தில் 57 பேரைத் தூக்க ஆய்வுக்கூடத்தில் படுக்க வைத்துப் பார்த்தார்கள். முடிவு 2018-ல் வெளியானது. படுக்கும் முன் ஐந்து நிமிடம், பாதியினர் செய்து முடித்த வேலைகளையும் மறுபாதியினர் இனிச் செய்ய வேண்டியவற்றையும் எழுதினார்கள். இனிச் செய்ய வேண்டியவற்றை எழுதியவர்கள் சுமார் ஒன்பது நிமிடம் முன்னதாகவே தூங்கினார்கள். எவ்வளவு குறிப்பாக எழுதினார்களோ அவ்வளவு சீக்கிரம். ஆகவே "பேங்க் வேலை" என்று எழுதாமல், "11 மணிக்குள் பேங்க், பாஸ்புக், ஆதார் ஜெராக்ஸ்" என்று எழுதுங்கள். தலையணையில் படுத்தபின் அந்த ஜெராக்ஸ் வந்து எழுப்பாது.

எழுதுவதிலும் தவறிப்போகும் இடங்கள் உண்டு. ஒரே மனத்தாங்கலை ஒரே வார்த்தைகளில் நான்கைந்து நாள் எழுதினால் அது ஆறவில்லை, கிளறப்படுகிறது என்று அர்த்தம். "அவள் ஏன் அப்படிச் சொன்னாள்" என்ற கேள்வியை விட்டுவிட்டு, "என்ன சொன்னாள், நான் என்ன சொன்னேன், அடுத்த முறை பார்க்கும்போது என்ன செய்வேன்" என்று மூன்று கேள்விக்கு எழுதிப் பாருங்கள். இழப்பு, துரோகம் போன்ற பெரிய விஷயத்துக்கு மூன்று வரி போதாது. தனித் தாளில், கடிகாரம் பார்த்து 15 முதல் 20 நிமிடம், மூன்று நான்கு நாள் தொடர்ந்து எழுதி நிறுத்திவிட வேண்டும். எழுதி முடித்ததும் சற்றுக் கனமாக இருப்பது இயல்பு. ஒவ்வொரு நாளும் கனம் கூடிக்கொண்டே போனால் எழுதுவதை நிறுத்துங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ பசியோ விருப்பமோ இல்லாமல் நோட்டில் வெறும் கோடுகளே வந்துகொண்டிருந்தால் டாக்டரைப் பாருங்கள், அல்லது மத்திய அரசின் மனநல உதவி எண்ணான 14416-ஐ அழையுங்கள், தமிழிலேயே பேசலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரம் பார்க்க வேண்டாம், அன்றே அழைக்க வேண்டும்.

கூட்டுக் குடும்பத்தில் நோட்டை மற்றவர்கள் படிப்பார்கள் என்ற பயம் இருந்தால் உண்மை எழுதவராது. பெயர்களுக்குப் பதிலாக எழுத்துகளை வையுங்கள். எண்கள் இருக்கும் வரியை மட்டும் வாரம் ஒரு முறை கணவரிடமோ மகளிடமோ வாய்விட்டுப் படியுங்கள். நடை விட்டுப்போன வாரத்தில் அவர்கள் கேட்கும் ஒரு கேள்வி, எந்த அலாரத்தையும்விட நன்றாக எழுப்பும்.

ஞாயிற்றுக்கிழமை இரவு அந்த வாரப் பக்கத்தை மேலிருந்து கீழே ஒரு முறை படித்து, ஒரே ஒரு மாற்றத்தை மட்டும் கீழே எழுதுங்கள்: "5 மணிக்கு மேல் காபி வேண்டாம்", "இரவுச் சாப்பாடு 8.30". இரண்டு எழுதினால் இரண்டும் நடக்காது. காய்ச்சலோ கல்யாணமோ ஊர்ப் பயணமோ வந்து வரிசை அறுந்தால், விட்ட நாட்களை நினைவிலிருந்து நிரப்ப வேண்டாம். காலியாகவே விட்டுவிட்டுத் திரும்பிய அன்றிலிருந்து எழுதுங்கள். காய்ச்சல் விட்டு இரண்டு நாள் ஆகும்வரை நடை வேண்டாம்; அதன்பின் பழைய 30 நிமிடத்துக்கே போகாமல் 15-லிருந்து ஏறுங்கள்.

டாக்டரிடம் போகும்போது நோட்டைக் கொண்டுபோய் மேஜைமேல் விரிக்காதீர்கள், வெளியே முப்பது பேர் காத்திருப்பார்கள். ஒரு துண்டுத் தாளில் நான்கு வரி எடுத்து எழுதிக்கொள்ளுங்கள்: ஏழு நாள் ரத்த அழுத்தச் சராசரி, வாரத்துக்கு எத்தனை நிமிட நடை, எத்தனை நாள் மாத்திரை விட்டுப்போயிற்று, புதிதாக வந்த தொந்தரவு எந்தத் தேதியிலிருந்து. "கொஞ்ச நாளாவே தலை சுத்துது டாக்டர்" என்பதற்கும் "12-ஆம் தேதி மாத்திரை மாற்றினீர்கள், 14-ஆம் தேதியிலிருந்து காலையில் எழுந்து நிற்கும்போது மட்டும் சுத்துது" என்பதற்கும் அவர் எழுதித் தரும் சீட்டு வேறு வேறாக இருக்கும்.